மூன்று வாரமாகியும் விடாத தோள்பட்டை வலி: விளையாடுகிறவர் மருத்துவரிடம் போவது எப்படி

பந்தை ஓங்கி அடிக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்திய வலி, ஒரு மாதம் கழித்துத் தலை சீவும்போதும் வருகிறது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது. விளையாடுகிறவர்களின் தோள் காயங்களில் பல இப்படித்தான் வளர்கின்றன. முட்டியில் அடிபட்டவன் நொண்டுவான், ஊரே பார்க்கும். தோளில் அடிபட்டவனோ பேருந்துக் கம்பியை இடக்கையால் பிடிக்கப் பழகிக்கொள்வான், சட்டையை வலக்கையிலிருந்து போடத் தொடங்குவான். வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, மாலை நேரங்களில் கைப்பந்துப் பயிற்சி கொடுத்த காலத்தில் இப்படி மறைத்துக்கொண்டு ஆடியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே எந்த வலிக்கு எந்த மருந்து என்று இங்கே சொல்லப்போவதில்லை. எப்போது போவது, யாரிடம் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது, உள்ளே போனபின் என்ன கேட்பது என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்ததில் ஒன்று விளங்கியது: வலி எந்த அசைவில், எந்த நாளிலிருந்து, எப்படி வருகிறது என்பதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்கே சரியான சிகிச்சை சீக்கிரம் கிடைக்கிறது. கையில் ஸ்கேன் உறையோடு போய், "எங்கே வலிக்கிறது?" என்ற கேள்விக்குத் தோளை மொத்தமாகத் தடவிக் காட்டுகிறவர் மறுபடி மறுபடி வரிசையில் நிற்கிறார்.

எப்போது போக வேண்டும்

ஒரே நாளில் வழக்கத்தைவிட நூறு ஸ்மாஷ் கூடுதலாக அடித்தாலோ, ஈரத்தில் ஊறிக் கனத்த பந்தை எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தாலோ இரண்டு மூன்று நாள் தோள் கனக்கும். அது ஓய்வு கொடுத்தால் அடங்கிவிடும் வலி. பயிற்சியைக் குறைத்தும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கிற வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, வலிக்காத நாளிலும் கை பலமிழந்தது போலத் தோன்றும் நிலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. "இந்த டோர்னமென்ட் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குறுவட்டம் முடிந்தால் மாவட்டம் வரும், மாவட்டம் முடிந்தால் மாநிலம் வரும். டோர்னமென்ட் முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது.

சில நிலைகளில் வாரக்கணக்கே கூடாது, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கபடியில் கையைப் பிடித்து இழுத்ததில் தோள் கழன்று, உருண்டையாக இருக்க வேண்டிய இடம் சதுரமாகத் தெரிந்தால், சுற்றி நிற்பவர்கள் யாரும் இழுத்து உள்ளே தள்ள முயலக் கூடாது. எலும்பிலும் முறிவு இருக்கலாம். அருகில் ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் சிக்கிக்கொள்ளலாம். கையை இருக்கிற நிலையிலேயே ஒரு துண்டால் கழுத்தோடு கட்டித் தாங்கலாக வைத்து அழைத்துச் செல்வதே சரி. என்.சி.சி. சீருடையில் பட்டை தைக்கிற இடத்தில், அதாவது மேற்கையின் வெளிப்புறத்தில், தோல் மரத்துப்போயிருந்தால் அதைப் போனவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தோள் நழுவும்போது அதிகம் அடிபடும் நரம்பு உணர்வு கொடுக்கிற இடம் அது. விழுந்த பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாமல் போவதும், காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்குவதும் இதே அவசர வகை.

தோளில் வலித்தாலும் காரணம் வேறிடத்தில் இருக்கும் நிலைகளும் உண்டு. வயிற்றிலோ விலாவிலோ முட்டியால் பலமாக இடிபட்ட ஆட்டக்காரருக்குச் சற்று நேரத்தில் இடது தோள் நுனியில் வலி தோன்றினால், மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். தோளில் அடியே படவில்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வரும் தோள் வலிக்கு இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வார இறுதியில் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடும் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. பதினொன்று முதல் பதினாறு வயதுவரை மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் வளர்ச்சித் தட்டு திறந்தே இருக்கும். அது தசைநாரைவிடப் பலவீனமானது. ஓயாமல் பந்து வீசும் சிறுவனுக்கு அந்தத் தட்டு விரிந்துகொடுக்கும். இரண்டு தோள்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எறிவதை முழுவதுமாக நிறுத்தினால், பெரும்பாலும் மூன்று மாத அளவில் ஆறியும்விடும். "வளர்கிற பையன், தானாகச் சரியாகிவிடும்" என்ற பேச்சு இந்த ஒரு இடத்தில் ஆபத்தானது.

முதுகுப் பக்கம் பார்த்த ஒரு நாள்

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். எங்கள் அணியின் முதன்மை அடிப்பவன். அவனுடைய சர்வீஸ் சில மாதங்களாக நெட்டைத் தாண்டத் திணறியது. வலி என்று அவன் சொன்னதே இல்லை. நானும் சோம்பல் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். ஒரு மாலை ஆட்டம் முடிந்து, மைதானத்துக் குழாயடியில் பனியனைக் கழற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற என் கண்ணில் அவனுடைய வலது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் பட்டது. இடப்பக்கம் அதே இடம் சதைப்பிடிப்போடு மேடாக இருந்தது.

தோள்பட்டை எலும்பின் ஓரமாக வளைந்து போகும் ஒரு நரம்பு கைப்பந்து அடிப்பவர்களுக்கு அழுத்தப்படுவது உண்டு. மீண்டும் மீண்டும் ஓங்கி அடிப்பதாலோ, மூட்டின் பின்புறம் உண்டாகும் நீர்க்கட்டி அழுத்துவதாலோ நேரும். கையை வெளிப்புறமாகத் திருப்பும் தசை அதனால் மெல்ல வற்றிப்போகும். வலி பல நேரங்களில் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். வலித்தால்தான் காயம் என்று நானும் அவனும் நம்பிக்கொண்டிருந்த மாதங்கள் அப்படித்தான் வீணாயின. அன்றுமுதல் மாதம் ஒருமுறை அணியினரைச் சட்டையில்லாமல் வரிசையாக முதுகு காட்டி நிற்கச் சொல்லி, இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். மாணவிகளுக்கு இதைப் பெண் ஆசிரியரோ வீட்டில் தாயாரோ செய்யலாம். ஒருவர் செல்பேசியில் பின்பக்கமிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு படமே போதும். அது மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

எடுத்துக்கொண்டு போக வேண்டிய நோட்டு

மருத்துவமனைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிவாருங்கள். வலி தொடங்கிய நாள், அன்று என்ன நடந்தது என்பதை முதலில் எழுத வேண்டும். விழுந்தீர்களா, யாராவது இழுத்தார்களா, "டக்" என்று சத்தம் கேட்டதா, அல்லது எதுவுமே நடக்காமல் மெதுவாக வந்ததா என்பதிலேயே பாதி வழி திறந்துவிடும். ஒரே நிகழ்வில் வந்த வலி என்றால் மருத்துவர் கிழிசலையோ நழுவலையோ தேடுவார். மெல்ல வளர்ந்த வலி என்றால் பளுவையும் அசைவு முறையையும் கேட்பார். முன்பு எப்போதாவது தோள் கழன்றிருந்தால், பத்து வயதில் மரத்திலிருந்து விழுந்து கழன்றதாக இருந்தாலும், அதையும் எழுதுங்கள்.

அடுத்து, வலி வரும் அசைவைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். "பந்து போட்டால் வலிக்கிறது" என்பது போதாது. கையைப் பின்னால் இழுத்து ஓங்கும் நொடியில் வருகிறதா, பந்தைத் தொடும் நொடியிலா, அடித்து முடித்துக் கை கீழே இறங்கும்போதா என்று கவனியுங்கள். ஓங்கும்போது தோள் முன்பக்கமாக நழுவிவிடும் என்ற பயம் தோன்றினால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்தப் பயம் மருத்துவருக்கு ஒரு தடயம். கொடியில் துணி போடும்போது, கை பாதி உயரத்தில் இருக்கும்போது மட்டும் வலித்து மேலே போனதும் விட்டுவிடுகிறதா, முதுகுக்குப் பின்னால் கை எதுவரை எட்டுகிறது, கழுத்தைத் திருப்பினால் விரல்வரை மின்சாரம் போல ஓடுகிறதா என்பவையும் வேண்டியவை. கடைசியாகச் சொன்னது இருந்தால் கோளாறு தோளில் இல்லாமல் கழுத்தில் இருக்கக்கூடும்.

பயிற்சியின் அளவை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளில் உத்தேசமாக எத்தனை அடிகள் அல்லது எத்தனை ஓவர்கள், கடந்த இரண்டு மாதத்தில் அது திடீரென்று கூடியதா, உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாக எதையாவது தூக்கத் தொடங்கினீர்களா என்று கணக்குப் போடுங்கள். பள்ளி அணி, கிளப் அணி, ஞாயிற்றுக்கிழமை ஊர் அணி என்று மூன்று இடங்களில் ஆடுகிற பையனின் மொத்த அடிகளை மூன்று பயிற்சியாளர்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டிப் பார்த்தால் அவனுக்கே திகைப்பாக இருக்கும்.

சாப்பிட்ட மாத்திரைகள், போட்ட ஊசிகள், சுளுக்கு எடுத்தது, எண்ணெய் போட்டு நீவியது, எலும்புக்கட்டுப் போட்டது எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைப்பவர்கள் உண்டு. நழுவிய மூட்டை யாரோ இழுத்துச் சரிசெய்தார்கள் என்பது தெரியாமல் போனால் அவர் கணிப்பு பிசகும். கிழிந்த தசைநார் நீவினால் ஒட்டாது; புதிய காயத்தை அழுத்தி நீவினால் இரத்தக்கட்டு கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கிக்கொண்டு வெயிலில் ஆடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. தவிர, மாத்திரையின் மயக்கத்தில் இருக்கும் தோளைப் பரிசோதித்தால் வலி இருக்கும் இடம் சரியாகப் பிடிபடாது. ஆகவே கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது

அருகில் உள்ள பொது மருத்துவரிடம் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் வலி ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டாலோ, தோள் ஒருமுறை கழன்றிருந்தாலோ, கை பலமிழந்திருந்தாலோ நேராக எலும்பு மூட்டு மருத்துவரிடம், முடிந்தால் தோள் மூட்டையும் நுண்துளை அறுவையையும் தனியாகப் பயின்றவரிடம் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். விளையாட்டு மருத்துவம் படித்தவர்களும் இப்போது பெருநகரங்களில் இருக்கிறார்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு மையம் உண்டு. பந்துவீச்சு முறையைச் சோதிக்க ஐ.சி.சி.யின் அங்கீகாரம் பெற்ற இடம் அது. செலவு தாங்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு முறிவுப் பிரிவும் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இயங்குகிறது. காலையில் ஓ.பி. சீட்டு எடுக்கச் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெற வழியுண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவை என்று தெரிந்தபிறகு சான்றுக்கு அலைவதைவிட, முதல் முறை மருத்துவரைப் பார்க்கும் வாரத்திலேயே அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அந்தத் திட்டத்தில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனை அறைக்குள்

கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு போங்கள். தோள் மருத்துவர் உங்கள் இரண்டு தோள்களையும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், கழுத்தை அசைக்கச் சொல்ல வேண்டும், கையை நீங்களாகத் தூக்கும்போதும் அவர் பிடித்துத் தூக்கும்போதும் எவ்வளவு உயர்கிறது என்று ஒப்பிட வேண்டும், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக் கையை வெளிப்புறமாகத் தள்ளச் சொல்லிப் பலத்தைச் சோதிக்க வேண்டும். சட்டையின் மேலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு எழுதினால், "ஐயா, ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டட்டுமா?" என்று பணிவாகக் கேட்டு நோட்டை நீட்டுங்கள். நெரிசலில் இருக்கும் நல்ல மருத்துவர்கூட அந்த ஒரு கேள்வியில் நிமிர்ந்து பார்ப்பார்.

நீங்கள் எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள், எந்த இடத்தில், எந்தக் கையால், அடுத்த முக்கியமான போட்டி எப்போது என்பதையும் சொல்ல வேண்டும். "கையைத் தூக்க முடிகிறது, வலி குறைந்துவிட்டது" என்பது அலுவலகம் போகிறவருக்குக் குணம். வேகப்பந்து வீசுகிறவருக்கு அது பாதி வழிகூட இல்லை.

படம் எதற்கு, எப்போது

முதலில் எக்ஸ்ரே. தோள் கழன்றவருக்கு முன்பக்கப் படத்தோடு பக்கவாட்டுக் கோணத்திலும் எடுப்பார்கள். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் பின்பக்கமாக நழுவிய மூட்டு சரியாக இருப்பது போலவே தெரிந்து ஏமாற்றிவிடும். தேர்ந்த கைகளில் அல்ட்ராசவுண்ட் படமே ரொட்டேட்டர் கஃப் என்னும் நான்கு தசைகளின் தொகுதியில் உள்ள முழுக் கிழிசலைக் காட்டிவிடும், செலவும் குறைவு. எம்.ஆர்.ஐ. அதற்கும் மேல். மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் லேப்ரம் என்ற வளையம் கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், மூட்டுக்குள் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று நம்மிடம் சொல்லப்படுவது தசைநாரையும் குறிக்கலாம், இந்த வளையத்தையும் குறிக்கலாம். எந்த ஜவ்வு, எவ்வளவு கிழிசல், பாதியா முழுவதுமா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் எறிந்த, அடித்த தோளில் வலியே இல்லாதவர்களுக்கும் பகுதிக் கிழிசல்களும் லேப்ரம் தேய்வும் படத்தில் தெரிவது சாதாரணம். அறிக்கையில் உள்ள வரி, பரிசோதனையில் வலித்த இடத்தோடும் நோட்டில் எழுதிய அசைவோடும் பொருந்தினால்தான் அது உங்கள் வலிக்குக் காரணம். "இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது, பதில் எதுவானாலும் சிகிச்சை மாறுமா?" என்று முன்னதாகவே கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பணத்தை இயன்முறைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 2008-இல் பல மாதங்கள் தோள் வலியோடு ஆடினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் எடுத்த படத்தில்தான் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருப்பது உறுதியானது. அப்போது அவருக்கு வயது 21. பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். பயிற்சிச் சிகிச்சையில் முதலில் முயன்று, பலன் போதாமல் அக்டோபரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்துக்கு 2009 மே மாதம் திரும்பினார். பிரெஞ்சு ஓபனை வென்றது 2012-இல். நீடிக்கிற வலிக்கு மறுபடி பரிசோதனை கேட்பது தொந்தரவு கொடுப்பதாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வாரம்

கழன்ற தோளையும் பெரிய கிழிசலையும் விட்டுவிட்டால், மீதிப் பெரும்பாலான தோள் வலிகளுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். அதற்குக் குறைந்தது ஆறு வாரம், பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் வேண்டும். நம் ஊரில் பிசியோ என்றால் மின்சாரப் பட்டை ஒட்டிப் பத்து நிமிடம் படுக்கவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது அன்றைக்கு இதமாக இருக்கும், தோளைத் தயார் செய்யாது. ரப்பர் பட்டை இழுத்துக் கையை வெளிப்புறம் திருப்பும் பயிற்சி, தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்துவைக்கும் தசைகளுக்கான பயிற்சி, இறுகிப்போன பின்பக்கத் தோளைத் தளர்த்துவது, இடுப்புக்கும் காலுக்கும் பலம் சேர்ப்பது என்று வாரத்துக்கு வாரம் பளு கூடுகிற திட்டம் ஒன்றை எழுதித்தரச் சொல்லி வாங்க வேண்டும். அடியின் வேகம் தரையிலிருந்து கால் வழியாக ஏறி வருகிறது. கால் சோம்பினால் அந்த வேலையையும் தோளே செய்ய வேண்டியிருக்கும்.

பயிற்சியின்போது லேசான வலி வருவதில் பயமில்லை. பத்துக்கு மூன்று அளவில் வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்க வேண்டும். நோட்டு இங்கேயும் பயன்படும். ஆறாவது வாரத்தில் மருத்துவரைத் திரும்பப் பார்க்கும்போது "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, செய்த பயிற்சிகளையும் விட்டுப்போன நாட்களையும் காட்டுங்கள். பயிற்சி பலிக்கவில்லையா, பயிற்சியே நடக்கவில்லையா என்பதை அவர் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

ஊசியைப் பற்றி

ஸ்டீராய்டு ஊசி சில நிலைகளில் வலியைத் தணித்து, பயிற்சி செய்ய இடம் கொடுக்கும். அந்த இதம் சில வாரங்களுக்குத்தான்; திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாரே பலவீனமாகும். சனிக்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி என்ற ஏற்பாட்டுக்கு யார் வற்புறுத்தினாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி 2022 ஜனவரி 1 முதல் குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டுகளை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது தடைசெய்யப்பட்ட மருந்து. உடலிலிருந்து நீங்க மருந்துக்கு மருந்து நாள் மாறும்: டிரையம்சினோலோனை மூட்டுக்குள் போட்டால் 10 நாள், அதையே தசையில் போட்டால் 60 நாள் என்று அந்த முகமை கணக்குக் கொடுத்திருக்கிறது. டிராமடால் என்னும் வலி மாத்திரை 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. ஆகவே மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தவிர்க்க முடியாத சிகிச்சை என்றால், சிகிச்சைக்கான விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் அதைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா கவனிக்கிறது. பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் "நாட்டு மருந்து" மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சோதனையில் மாட்டிக்கொண்டபின் "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

அறுவைச் சிகிச்சை என்று சொன்னால்

உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே எழுந்து ஓடவும் வேண்டாம். இருபது வயதுக்குட்பட்டு, கபடி போல உடல் மோதும் ஆட்டம் ஆடுகிறவருக்கு முதல் முறை தோள் முன்பக்கமாகக் கழன்றால், அது மறுபடி கழல்வதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். ஒவ்வொரு முறை கழலும்போதும் கிண்ணத்தின் விளிம்பு எலும்பு கொஞ்சம் தேய்கிறது. இந்த நிலையில் அறுவையைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசுவதில் நியாயமிருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஸ்ரேயாஸ் ஐயர் 2021 மார்ச் மாதம் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது தோளில் அடிபட்டார், ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை முடிந்தது, செப்டம்பரில் ஐ.பி.எல். ஆட்டத்துக்குத் திரும்பினார். மெல்ல வளர்ந்த வலிக்கு அவசரம் அப்படிக் கிடையாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துபார்க்காத தோளுக்கு அறுவை என்று சொல்லப்பட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை, எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எதைத் தைக்கப்போகிறீர்கள், செய்யாவிட்டால் இரண்டு ஆண்டில் என்ன ஆகும், கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தொட்டில் பட்டையில் (ஸ்லிங்) எத்தனை வாரம் கட்டியிருக்க வேண்டும், என்னைப் போல ஓங்கி அடிக்கிறவர்கள் பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்கிறார்களா, அறுவைக்குப் பிந்தைய பயிற்சியை யார் மேற்பார்வையிடுவார் என்று கேளுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் தொட்டில், மோதும் ஆட்டத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம், எறிகிற ஆட்டத்துக்கு அதற்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. பொதுத்தேர்வு, விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு நாட்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு தேதியைக் குடும்பத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள். பரீட்சை எழுதும் கையா என்பதை மறந்துவிட்டுத் தேதி வாங்கிய வீடும் எனக்குத் தெரியும்.

திரும்ப இறங்கும்போது

வலி போய்விட்டது என்பதை மட்டும் வைத்து மைதானத்தில் இறங்கக் கூடாது. அசைவு முழுமையாகத் திரும்பியிருக்க வேண்டும், வெளிப்புறம் தள்ளும் பலம் மறுகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும், ஓங்கும்போது நழுவிவிடும் என்ற பயம் அற்றிருக்க வேண்டும். பள்ளம் விழுந்த தோளோடு வந்த அந்த மாணவனுக்கு, இயன்முறைச் சிகிச்சையாளர் சொன்ன கணக்கை நான் சுவர் ஓரமாக நின்று எண்ணினேன். ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரம் சுவரைப் பார்த்து நின்றபடி அரை வேகத்தில் இருபது அடி, அடுத்த வாரம் முப்பது, பிறகு தாழ்த்திய நெட், குதிக்காமல். குதித்து அடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அவன் ஒருநாள் இருபதோடு நிற்காமல் ஆசையில் நாற்பது அடித்துவிட்டு, மறுநாள் காலை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். மறுபடி முதல் வாரத்துக்கே போனோம்.

முதல் போட்டிக்கு முன்பே பயிற்சியாளரிடம் எத்தனை செட் ஆடலாம் என்பதை மருத்துவர் எழுதிய சீட்டோடு காட்டிப் பேசிவிடுங்கள். பதினான்கு பதினான்கில் நிற்கும் ஐந்தாவது செட்டில், எதிரணி டைம்அவுட் கேட்டிருக்கும்போது, "சார், எனக்கு வலிக்கிறது" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அப்படிச் சொல்லும் நிலைக்கு அவனைக் கொண்டுவிடாமல், இரண்டாவது செட் முடிந்ததும் யாரை உள்ளே இறக்குவது என்பதைக் காலையிலேயே பெயர் எழுதி வைத்துவிட வேண்டும்.